மரியாள் பாடிய துதி

 

இன்று மாலை உங்கள்முன் பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பாட்டு. நீண்ட பாட்டன்று. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், 46-ஆம் வசனம் தொடங்கி 55-ஆம் வசனம் வரை, பத்தே வசனங்களில் அடங்கிவிடுகிற பாட்டு. அதைப் பாடியவள் நாசரேத்தூர்க் கன்னிகையாகிய மரியாள். மேற்றிசைத் திருச்சபையில், ஆறாம் நூற்றாண்டில் பெனதிக்து முனிவர் தம் மடத்தாருக்கு வகுத்த ஒழுங்கிலேயே மாலை ஆராதனையில் சுவிசேஷ கீதம் ஒன்றுக்கு இடம் வைத்திருந்தார். அந்த இடத்தில் அமர்ந்துகொண்ட கீதம் இது. கீழ்த்திசைத் திருச்சபையோ இதை விடியற்கால ஆராதனையில் பாடி வருகிறது. கத்தோலிக்கர் பாடுகிறார்கள், லுத்தரன் சபையார் பாடுகிறார்கள், ஆங்கிலிக்கன் மரபில் வந்த நாமும் பாடுகிறோம். பாடுகிறோம், சரி, கேட்கிறோமா? நாவுக்குப் பழகியது செவிக்குப் புலப்படாமற்போவது உலக இயல்பல்லவா? ஆகவே, அன்றாடம் நாம் வாயால் உச்சரித்து மனத்தால் தாண்டிச் செல்கிற இந்தத் துதி ஒரு கிறிஸ்தவனிடம் என்ன சொல்கிறது, என்ன கேட்கிறது என்பதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே என் நோக்கம்.

முதலில் துதி என்பது யாது? புரவலனைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர் மரபு தமிழராகிய நமக்குப் புதிதன்று. பாணனும் கூத்தனும் பொருநனும் பசியோடு நடந்து, மன்னன் வாயிலை அடைந்து, அவன் குலத்தையும் கொடையையும் வெற்றியையும் புகழ்ந்து, பொன்னும் யானையும் பெற்றுத் திரும்பினார்கள் என்று பழைய நூல்கள் பேசுகின்றன. அந்தப் புகழில் அரியணை மேலும் ஓரடி உயர்ந்தது. தேவனைத் துதிப்பதும் இத்தகையதுதானா? பெரியவரை இன்னும் பெரியவர் என்று சொல்லி, அவர் மனம் குளிர்ந்து நமக்கு ஏதேனும் தருவார் என்று காத்திருப்பதா? பலருடைய பக்தி இந்த அளவில் நின்றுவிடுகிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மரியாளின் துதி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது எந்த அரியணையையும் உயர்த்தவில்லை. அரியணைகளைக் கீழே இறக்குகிறது.

யார் பாடினாள்? எங்கே பாடினாள்? எப்போது பாடினாள்? இம்மூன்றையும் சற்று நின்று பார்ப்போம்.

தேவதூதன் வந்து சென்ற பிறகு மரியாள் விரைந்து எழுந்து யூதேயாவின் மலைநாட்டுக்குப் புறப்பட்டாள் என்கிறார் லூக்கா. கலிலேயாவிலிருந்து அந்த மலைநாடு பல நாள் வழி. போய்ச் சேர்ந்த ஊரின் பெயரைச் சுவிசேஷகர் சொல்லவில்லை. எருசலேமுக்கு மேற்கேயுள்ள அயின் கரீம் என்னும் சிற்றூர்தான் அது என்பது பிற்காலப் பாரம்பரியம். ஊர் எதுவாயினும் ஆகுக, வீட்டைப் பாருங்கள். அது ஆசாரியனாகிய சகரியாவின் வீடு. ஆலயத்திலே தூபங்காட்டச் சென்றவன், தூதன் சொன்னதை நம்பாமல் ஐயுற்றதனால் பேச்சிழந்து வந்திருக்கிறான். வேதம் ஓதப் பயின்றவன், ஜனங்களை ஆசீர்வதிக்கும் உரிமை பெற்றவன், அந்த வீட்டில் ஊமையாய் உட்கார்ந்திருக்கிறான். பேசுகிறவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி, பிள்ளையில்லை என்ற நிந்தையைக் காலமெல்லாம் சுமந்து, விருத்தாப்பியத்தில் ஆறு மாதக் கர்ப்பவதியாயிருக்கும் எலிசபெத்து. மற்றொருத்தி, நிச்சயிக்கப்பட்டும் இன்னும் மணமாகாத நிலையில் கருவுற்று, ஊரார் வாய்க்கு இனி என்ன விடை சொல்வது என்ற நிலையிலிருக்கும் இளம்பெண். திருச்சபையின் முதற்பெரும் கீதம் ஆலயத்தில் எழவில்லை. ஆசாரியன் நாவிலிருந்து எழவில்லை. ஒரு வீட்டுக்குள், இந்த இரு பெண்களுக்கிடையே எழுந்தது.

எலிசபெத்து மரியாளைப் புகழ்கிறாள். மரியாள் அந்தப் புகழைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. வாங்கிய கணமே மேலே அனுப்பிவிடுகிறாள். தன் ஆத்துமா ஆண்டவரின் பெருமையைப் பேசுகிறது என்றும், தன் ஆவி தன்னை மீட்கும் தேவனில் களிகூருகிறது என்றும் தொடங்குகிறாள். காரணமும் சொல்கிறாள்: ஒருவரும் திரும்பிப் பாராத தன் தாழ்ந்த நிலைமையை அவர் பார்த்தார்.

பார்த்தார்! இந்த ஒரு செயலில்தான் பாட்டு முழுவதும் ஊன்றி நிற்கிறது. மார்ட்டின் லுத்தர் இக்கீதத்திற்கு ஒரு விரிவுரை எழுதினார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதை எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1520-ன் இறுதியில் தொடங்கினார். 1521 மார்ச் மாதம், வோர்ம்ஸ் நகரில் பேரரசனுக்கு முன்பாக நிற்கும்படி அழைக்கப்பட்டிருந்த வேளையில், அதைச் சாக்சனி நாட்டு இளவரசன் ஜான் பிரடெரிக்கு என்னும் பதினேழு வயது வாலிபனுக்குக் காணிக்கையாக்கினார். எஞ்சிய பகுதியை வார்ட்பர்க்குக் கோட்டையில் மறைந்திருந்தபோது முடித்தார். தன் தலைக்கே ஆபத்து வந்து நிற்கையில், நாளை நாடாளப்போகிற ஒரு பிள்ளைக்கு அவர் அனுப்பிவைக்கத் தெரிந்தெடுத்தது இந்தப் பாட்டை! அதில் அவர் வற்புறுத்தும் கருத்து இது: மனிதர் கண் எப்போதும் மேல்நோக்கியே செல்கிறது, பதவி, பணம், பட்டம், கல்வி இருக்கும் இடத்தையே தேடுகிறது, கீழே வறுமையும் அவமானமும் கிடக்கும் இடத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தேவனுக்கு மேலே பார்க்க யாருமில்லை. ஆகவே அவர் பார்வை கீழ்நோக்கியே வருகிறது. எவ்வளவுக்கெவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கவ்வளவு தெளிவாக வருகிறது. மரியாள் தன் தாழ்மையை ஒரு புண்ணியமாகக் காட்டிப் பெருமை கொள்ளவில்லை என்பதையும் லுத்தர் வலியுறுத்துகிறார். புகழ் பார்க்கப்பட்டவளுக்கன்று, பார்த்தவருக்கே. ஆளப் பிறந்த ஒருவனுக்கு இதைவிடத் தக்க பாடம் வேறென்ன இருக்க முடியும்?

ஒரு கிராமத்துப் பெண் இப்படியொரு பாட்டைப் பாடியிருக்க முடியுமா என்று கற்றோர் சிலர் ஐயம் எழுப்புவதுண்டு. எனக்கு அந்த ஐயம் எழுந்ததில்லை. எழுத்தறியாத நம் பாட்டிமார் கீர்த்தனைகளைச் சரணம் தவறாமல் நெஞ்சிலிருந்து பாடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சங்கீதங்களையும் தீர்க்கதரிசன வாக்கியங்களையும் கேட்டே மனத்தில் ஏற்றிய ஒரு யூதப்பெண் சந்தோஷத்தின் உச்சியில் அவற்றாலேயே பேசினாள் என்பது வியப்பாயிராது. அவள் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் பழைய ஏற்பாட்டின் எதிரொலி கேட்கிறது. எல்லாவற்றிலும் அருகில் கேட்பது அன்னாளின் குரல். சீலோவில், மலடி என்று சக்களத்தி இடித்துரைக்க, மனங்கசந்து உதடு மட்டும் அசைய ஜெபித்தவள் அன்னாள். அவளைக் குடிவெறி கொண்டவள் என்று நினைத்தான் ஆசாரியனாகிய ஏலி. அவள் சாமுவேலைப் பெற்றுக் கர்த்தருக்குக் கொடுத்தபோது பாடிய பாட்டிலும் வில்வீரர் வீழ்கிறார்கள், தள்ளாடினவர்கள் எழுகிறார்கள், எளியவன் குப்பைமேட்டிலிருந்து தூக்கப்படுகிறான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கடந்து அந்த வழக்கை மரியாள் எடுத்துப் பேசுகிறாள்.

இனிப் பாட்டின் நடுப்பகுதிக்கு வருவோம். இதுவரை தனக்கு நேர்ந்ததைப் பாடியவள், இப்போது உலகத்துக்கு நேர்வதைப் பாடுகிறாள். இருதயத்தில் அகந்தை கொண்டவர்கள் சிதறுகிறார்கள். வலியவர்கள் சிம்மாசனங்களிலிருந்து இறங்குகிறார்கள். எளியவர்கள் ஏற்றம் பெறுகிறார்கள். பசித்தவர்கள் நிறைகிறார்கள். செல்வர்கள் ஒன்றுமில்லாமல் அனுப்பப்படுகிறார்கள். மாலைப்பொழுதில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இனிய இராகத்தில் பாடும்போது இது எவ்வளவு சாதுவாகத் தோன்றுகிறது! ஆனால் இது சாதுவான பாட்டுத்தானா?

இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கதை வழங்கி வந்தது. சரித்திரமன்று, கதைதான், லாங்ஃபெல்லோ என்னும் அமெரிக்கக் கவிஞர் 19-ஆம் நூற்றாண்டில் அதைச் செய்யுளாக்கியிருக்கிறார். சிசிலித் தீவுக்கு இராபர்ட்டு என்றொரு மன்னன். அவன் சகோதரர் ஒருவர் போப்பாண்டவர்; மற்றொருவர் பேரரசர். ஒரு மாலை அவன் ஆலயத்தில் வீற்றிருந்து குருமார் இலத்தீனில் இக்கீதத்தைப் பாடக் கேட்டான். ஓரடி திரும்பத் திரும்ப வந்தது. அதன் பொருள் என்னவென்று அருகிலிருந்த ஒருவரைக் கேட்டான். வலியவர்களைத் தேவன் ஆசனத்திலிருந்து தள்ளுவார் என்று அவர் பொருள் சொன்னார். மன்னன் சிரித்தான். என்னைத் தள்ளும் வல்லமை எவனுக்கு உண்டு என்று ஏளனம் செய்தான். அந்த இராகத்திலேயே கண்ணயர்ந்தும் போனான். விழித்தபோது இருட்டு, கோயில் பூட்டிக் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டவனுக்கு மன்னனைத் தெரியவில்லை. அரசாடையை இழந்து, அரைகுறை உடையோடு மன்னன் அரண்மனைக்கு ஓடினான். அங்கே அவன் உருவத்தில் ஒரு தேவதூதன் அரியணையில் அமர்ந்திருந்தான். மன்னன் அரண்மனைக் கோமாளியானான்; குரங்கு ஒன்று அவனுக்குத் துணையாயிற்று; மிச்சம் மீதியே உணவாயிற்று. நீ யார் என்று தூதன் கேட்கும்போதெல்லாம், நான்தான் அரசன் என்றே விடை சொல்லி வந்தான். தூதனோடு உரோமாபுரிக்குச் சென்றபோது உடன்பிறந்தவர்களே அவனை அறிந்துகொள்ளவில்லை. கடைசியில் ஒரு நாள் அதே கேள்விக்கு அவன் தலைகுனிந்து, தான் பாவி என்று மட்டும் சொன்னான். தூதன் மறைந்தான், அரசாடை அவன் மேனிக்குத் திரும்பியது.

இந்தக் கதையைக் கட்டியவன் எவனோ, பெயர் தெரியாதவன். அவன் பாட்டைச் சரியாகக் கேட்டிருக்கிறான். கீதத்தைப் பாடக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவன் யார்? சிம்மாசனத்தில் இருக்கிறவன்!

இன்னொருவரும் சரியாகக் கேட்டிருக்கிறார். அவர் ஜெர்மன் நாட்டு இசைமேதை பாக்கு. 1723-ல் லைப்சிக் நகருக்குப் பணியேற்று வந்த ஆண்டிலேயே இக்கீதத்துக்கு இசையமைத்தார். பசித்தோர் நிறைவு பெறும் பகுதியை அவர் ஒரே ஒரு குரலுக்குக் கொடுத்து, அதனோடு இரண்டு புல்லாங்குழல்களை இணைத்திருக்கிறார். குழல்கள் ஒன்றோடொன்று கைகோத்து, குழைந்து, துள்ளி வருகின்றன. செல்வர் வெறுமையாய் அனுப்பப்படுவதோடு அந்தப் பகுதி முடிகிறது. முடிகிற இடத்தில், செவி எதிர்பார்த்துக் காத்திருக்கும் கடைசி ஸ்வரத்தைக் குழல்கள் ஊதுவதில்லை, திடீரென்று நின்றுவிடுகின்றன. அடியில் ஒலிக்கும் மந்தர வாத்தியம் மட்டும் தனியாக ஒரு ஸ்வரம் ஒலித்து நிறுத்துகிறது. அவ்வளவுதான், அந்த ஒரு கணத்து வெறுமையில் செல்வனுடைய காலிக்கை நம் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு பிரசங்கம் அரைமணி நேரத்தில் சொல்லக்கூடியதை ஊதாமல் விட்ட ஒரு ஸ்வரத்தால் சொல்லிவிட்டார்.

இப்போது உங்களில் யாரேனும் ஒருவர் எழுந்து என்னைக் கேட்கலாம்: ஐயா, இவையெல்லாம் நடந்தனவா? நியாயமான கேள்வி. மரியாள் பாடியபோது யூதேயாவில் அரசாண்டவன் ஏரோது. மனைவியையும் பெற்ற குமாரர் மூவரையும் கொல்வித்தவன். பெத்லகேமுக்கு அண்மையில் ஒரு குன்றையே உயர்த்தித் தன் பெயரால் கோட்டை அமைத்தவன். அந்த மலைநாட்டு வீட்டில் பாட்டு ஒலித்த நாளில் அவன் சிம்மாசனம் அசைந்ததா? இல்லை. பசித்தவர்கள் அன்றிரவு உண்டார்களா? இல்லை. பின்னர், பாடியவளே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அந்தச் சிம்மாசனத்துக்குத் தப்பி எகிப்துக்கு ஓட நேர்ந்தது என்று மத்தேயு எழுதுகிறார். பெத்லகேமின் தாய்மார் அழுதார்கள். இன்னும் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்து, அவள் தன் மகன் சிலுவையில் தொங்குவதைக் கண்டாள். இவ்வளவும் அவளுக்குக் காத்திருக்க, எல்லாம் நடந்தேறிவிட்டன போல அவள் எப்படிப் பாடினாள்?

தீர்க்கதரிசிகள் வரப்போவதை வந்துவிட்டதாகவே பேசுவார்கள். அவர்கள் ஜோசியம் சொல்கிறவர்கள் அல்லர். சொன்னவர் யார் என்பதை அறிந்தவர்கள். மரியாளின் பாட்டு எங்கே போய் முடிகிறது என்று கவனியுங்கள்: ஆபிரகாமுக்கும் அவன் சந்ததிக்கும் தேவன் கொடுத்த வாக்கில் முடிகிறது. அந்த வாக்கைக் கொடுத்தவர் மாறாதவரானால், ஏரோதின் சிம்மாசனம் இன்று நிற்பது ஒரு கணக்கில் சேராது. கிறிஸ்தவத் துதியின் சாரம் இதுவே என்று நான் துணிந்து சொல்வேன். வரவு வந்தபின் நன்றி சொல்வது நாகரிகம். அதை நல்ல மனிதர் எவரும் செய்வர். கண்ணுக்கு எதிரே ஏரோது வீற்றிருக்கையில் தேவனை அரசர் என்று பாடுவதற்கு விசுவாசம் வேண்டும்.

அப்படியானால் இது ஒரு புரட்சிப் பாட்டா? இக்கேள்வியைச் சிலர் அச்சத்தோடும் சிலர் ஆர்வத்தோடும் கேட்கிறார்கள். அச்சமுற்றவர்கள் இதைத் தாலாட்டாக்கிவிட்டார்கள். நீல ஆடையும் குனிந்த முகமுமாக ஒரு படத்தை எழுதி, அந்த வாய் பேசியதை மறந்துபோனார்கள். ஆர்வமுற்றவர்களோ முதற்பாதியைக் கிழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் முழக்கமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரு திறத்தாரும் பாட்டைப் பாதியாக்கியவர்களே. இதில் இறக்குகிறவர் தேவன், உயர்த்துகிறவர் தேவன், நிரப்புகிறவர் தேவன். பாடுகிறவள் கையில் வாள் இல்லை. ஆனால் கையில் வாள் இல்லையென்பதால் பாட்டில் கூர்மை இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். 1933-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு முடியுமுன், இலண்டனிலிருந்த ஜெர்மானியச் சபையொன்றில் தீத்திரிக்கு போன்ஹோஃபர் என்னும் இளம் போதகர், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆயத்த நாட்களில், இந்தக் கீதத்தின்மீதே பிரசங்கித்தார். படங்களில் காணும் மென்மையான மரியாள் பாடிய பாட்டன்று இது, ஆவேசத்தோடு பாடப்பட்டது என்று அவர் எடுத்துக் காட்டினார். அந்தப் போதகரை 1945 ஏப்ரலில் ஹிட்லர் ஆட்சி தூக்கிலிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் ஹிட்லரும் இல்லை.

தாய் பாடியதை மகன் செய்தார் என்பதை லூக்காவைப்போல் வேறெவரும் காட்டவில்லை. தரித்திரரைப் பாக்கியவான்கள் என்றும், செல்வருக்கு ஐயோ என்றும் இயேசு சொன்னதை அருகருகே எழுதியவர் லூக்கா. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அன்றிரவே இறந்த செல்வனையும், வாசற்படியில் லாசருவைக் கிடத்திவிட்டு நாள்தோறும் விருந்துண்ட செல்வனையும் நமக்குத் தந்தவர் அவரே. சகேயுவைத் தந்தவரும் அவரே. அவனிடம் சற்று நிற்க வேண்டும். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன், பெருஞ்செல்வன், குள்ளன், இயேசுவைக் காணக் காட்டத்தி மரத்தில் ஏறியவன். இறங்கி வா என்று அழைத்தார். இறங்கி வந்தான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்றான். கூட்டிப் பாருங்கள், அவன் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? செல்வன் இறக்கப்பட்டான்; கை காலியாயிற்று; அன்றைக்கு அவன் வீட்டில் இரட்சிப்பு வந்தது. செல்வரை வெறுமையாய் அனுப்புவது தண்டனை என்றே நாம் வாசித்து வந்தோம். சகேயுவைக் கேட்டால் அது கிருபை என்பான்.

நம் நாட்டுக் கதைக்கும் வருகிறேன். வராமல் தப்பித்துக்கொள்வது நேர்மையாகாது. சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தபோது மரியாளின் கீதமும் தமிழ் அச்செழுத்தில் வந்தது. நூறு ஆண்டுக்கு மேலாகியது. 1833-ல் கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபைக்குள் அறவே ஒழிய வேண்டும், எல்லாரும் வேற்றுமையின்றிச் சேர்ந்திருந்து நற்கருணை பெற வேண்டும் என்று நிருபம் விடுத்தார். என்ன நடந்தது? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஜனங்கள் திரளாகச் சபையை விட்டு விலகினார்கள். எளியோர் உயர்த்தப்படுகிறார்கள் என்ற கீதத்தை மாலை ஜெப ஒழுங்கிலே வைத்திருந்த சபையார், எளியவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எழுந்து போனார்கள். அவர்களைப் பழிப்பது எளிது. நூறாண்டு கடந்து நின்று பழிப்பது இன்னும் எளிது. இன்று நம் கல்லறைத் தோட்டங்களில் சுவர் எழுப்பியவர் யார்? திருமண விளம்பரங்களில் சபையின் பெயருக்கு அடுத்து நாம் அச்சிடுவது என்ன? என்னையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பேசுகிறேன், சகோதரரே.

ஆகவே உங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். பாடகர் குழுவிலிருக்கும் வாலிபர்களே, மாலை ஆராதனையில் நீங்கள் இக்கீதத்தின் தொடக்கத்தை அழகாகவும் முடிவுத் துதியை உரக்கவும் பாடுகிறீர்கள்; நடுப்பகுதியை மட்டும் விழுங்கிவிடுகிறீர்கள். அதை நிறுத்திப் பாடுங்கள். சிம்மாசனம் என்ற சொல் கடைசி ஆசனத்தில் இருப்பவர் காதிலும், முதல் ஆசனத்தில் இருப்பவர் காதிலும் விழட்டும். சபைக் கமிட்டியின் மூப்பர்களே, வருடாந்தரக் கூட்டத்தில் கட்டடக் கணக்கும், அசனக் கணக்கும், வாத்தியக் கணக்கும் வாசித்து முடித்து, ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் தரித்திரர் நிதிக் கணக்கை வாசிக்கிறீர்கள். வருகிற ஆண்டு அதை முதலில் வாசியுங்கள்.